ஹெரால்டா, பியட்டா, அம்பாசடரா: குடும்பத்தோடு ஓட்ட எது?

பழைய கார் ஒன்று வாங்க வேண்டும், துணி போர்த்தி ஷெட்டில் நிறுத்த இல்லை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய் வர வேண்டும் என்று யாராவது கேட்டால், பேச்சு கடைசியில் மூன்று வண்டிகளில் வந்து நிற்கும். அம்பாசடர், பியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அழகில் ஹெரால்டுக்குப் பக்கத்தில்கூட மற்ற இரண்டும் வர முடியாது. அதே ஹெரால்டுக்குத்தான் 'நம்பி ஏற முடியாது' என்ற பெயரும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் சரியாக முடிவெடுக்க முடியும்.

ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வந்தது. அறுபதுகளில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர அப்போது ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு ஆலை அமையவில்லை. அதனால் தனி சேஸ் (அடிச்சட்டம்) வைத்து, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இந்த வண்டியின் சுகம், தொல்லை இரண்டும் அந்த இணைப்புகளில்தான் தொடங்குகின்றன.

முதலில் சுகம். பானெட் தனியாகத் திறக்காது. இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு நிதானமாகக் கார்புரேட்டரைக் கழற்றலாம். அம்பாசடரில் அதே வேலைக்கு இடுப்பு ஒடியக் குனிய வேண்டும். முன் சக்கரங்களும் நன்றாகத் திரும்பும், 25 அடி வட்டத்துக்குள் வண்டி சுற்றிவிடும். மயிலாப்பூர் மாதிரி இடங்களின் சந்துகளில் இது எத்தனை பெரிய வசதி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். தொல்லை என்னவென்றால், இணைப்புகள் தளர்ந்த வண்டியில் சத்தமும் வரும், மழையில் தண்ணீரும் வரும்.

பெரிய விஷயம் பின்பக்கம். அம்பாசடரிலும் பியட்டிலும் பின் சக்கரம் இரண்டையும் ஒரே ஆக்சில் விறைப்பாகப் பிடித்திருக்கும். ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். இரண்டுக்கும் பொதுவாகக் குறுக்கே ஒரே ஸ்பிரிங் பிளேட்டு. நல்ல சாலையில் சுகமான ஏற்பாடுதான். ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் ஏறட்டும். பின்னால் போய் நின்று பாருங்கள்: பின் சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும், மேல்முனை உள்ளே, கீழ்முனை வெளியே. டயர் உள்பக்கமாகத் தேயும். அந்தக் கால மேடுபள்ளச் சாலைகளில் நாள் முழுக்க இப்படி ஓடினால் பிளேட்டு தளர்ந்து இறங்காமல் என்ன செய்யும்? ஆள் குறைவாக இருக்கும்போது வேறு ஒரு ஆபத்து உண்டு. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஏற்காட்டு மலைப்பாதையில் ஹெரால்டு ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கும் இது தெரிந்துதான் இருந்தது. 1972இல் கசெல் என்று பெயர் மாற்றி வந்தபோது, அதே 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் சாதாரண ஆக்சிலுக்குப் போய்விட்டார்கள். குடும்பத்துக்கு என்றால் ஹெரால்டைவிடக் கசெல்தான் பொருந்தும் என்பேன். ஆனால் 1977 வரை கொஞ்சமாகவே செய்தார்கள், கண்ணில் படுவதே அரிது.

பியட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1089 சிசி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே ஹேண்ட் கியர், முன்னாலும் நீளச் சீட்டு, இலகுவான ஸ்டியரிங். மும்பையில் 2023 அக்டோபர் வரை டாக்சியாக ஓடிய வண்டிக்கு வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

அம்பாசடர் பெரிய வீடு மாதிரி. 1489 சிசி எஞ்சின், தாராளமான இடம், எந்தப் பள்ளத்துக்கும் அசராத உடம்பு. ஸ்டியரிங் கனம், திருப்ப இடம் வேண்டும். 2014 வரை தயாரானதால் பார்ட்ஸ் கிடைப்பதில் மற்ற இரண்டையும்விட முன்னால் நிற்கிறது.

ஹெரால்டுக்குப் பார்ட்ஸே கிடைக்காது என்பார்கள், அது பாதிதான் உண்மை. சேஸின் கீழே இருக்கும் பல பாகங்கள் ட்ரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். நான்கு கதவு ஹெரால்டு மட்டும் நம் நாட்டுக்கென்றே வந்தது. அதன் பின்கதவுக் கண்ணாடி உடைந்தால் வெளிநாட்டில் தேடிப் பயனில்லை.

என் முடிவு இது. வீட்டில் ஒரே கார்தான், வயதானவர்களும் உண்டு, தூரப் பயணமும் உண்டு என்றால் அம்பாசடர். நான்கு பேர், பெரும்பாலும் ஊருக்குள்தான் என்றால் பியட். அன்றாடத்துக்கு வேறு வண்டி இருந்து, மாலையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய் வர ஒரு அழகான வண்டி வேண்டும் என்றால் தயங்காமல் ஹெரால்டு வாங்குங்கள். அந்த வளைவுகளும் கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்களும் பெரிய கண்ணாடிகளும் தரும் சந்தோஷம் மற்ற இரண்டிலும் கிடையாது.

வாங்கப் போகும்போது மூன்று பேரைக் கூட்டிப் போய்ப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். சக்கரம் மிகவும் அகன்றால் பிளேட்டுச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் முன் சக்கரங்களுக்கு உள்பக்கம், அவை திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரனியனுக்கு என்ன போடுகிறீர்கள் என்று விசாரியுங்கள். அங்கே போட வேண்டியது கியர் ஆயில். 'கிரீஸ் அடிக்கிறோம்' என்று பதில் வந்தால், அதைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.