என் குருவைச் சேர்த்த முதியோர் இல்லம்: எட்டு மாத அனுபவம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் என் குருவைச் சேர்த்து எட்டு மாதங்கள் ஆகின்றன. திருநங்கைகளான எங்களுக்குக் குரு என்பவர் தாய், அவர் ஏற்றுக்கொண்ட சேலா மகள். நான் அவரை அம்மா என்றே அழைப்பேன். அவருக்கு வயது 69. முப்பது ஆண்டுகள் கல்யாணச் சமையலுக்குத் தலைமை தாங்கியவர், நடுக்கவாதம் முற்றியதால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத நிலைக்கு வந்தார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருந்து, பகல் முழுவதும் அலுவலகத்தில் இருக்கும் என்னால் அவரைத் தனியே விட்டுச் செல்ல முடியவில்லை. குருவின் முதுமையைச் சேலாக்கள் சுமப்பதே எங்கள் ஜமாத்தின், அதாவது திருநங்கைச் சமூகத்தின், வழக்கம் என்றாலும், அவருடைய சேலாக்களில் ஒருத்தி மும்பையில் இருக்கிறாள், மற்றொருத்தி இறந்துவிட்டாள், எஞ்சியிருப்பவள் நான்.

மாதக் கட்டணம் 18,000 ரூபாய், முன்பணம் 50,000 ரூபாய். திருநங்கைகள் நல வாரியத்தின் வழியாக அவருக்குக் கிடைக்கும் மாத உதவித்தொகை 1,500 ரூபாய் என்பதால், மீதி முழுவதும் என் சம்பளத்திலிருந்து போகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் என்ற, திருநர்களுக்கான காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கானதே தவிர, குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் ஆள் வைப்பதற்கானது அன்று. திருநர்களுக்கான மத்திய அரசின் கரிமா கிரக இல்லங்கள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு இடமும் தொழிற்பயிற்சியும் கொடுத்துக் கரையேற்றும் நோக்கில் அமைந்தவை. படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்க இருவர் தேவைப்படும் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட முடியாது. ஆகவே கட்டண இல்லம்தான் எனக்கு எஞ்சிய வழி.

முதல் சிக்கல் சேர்க்கைப் படிவத்திலேயே தொடங்கியது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரையும், உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்றும் எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சொந்த மகளா?” என்று கேட்டார். சேலா என்றால் என்ன என்பதைப் பத்து நிமிடம் விளக்கிய பிறகு, அவர் மகள் என்பதை அடித்துவிட்டு நண்பர் என்று எழுதிக்கொண்டு, இரத்த உறவில் ஒருவருடைய எண்ணும் கட்டாயம் வேண்டும் என்றார். அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. திருநர் உரிமைகளுக்கென்றே இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டமும் குடும்பம் என்பதை இரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து என்ற மூன்றுக்குள் அடக்கிவிட்டது. ஆனால் அதன் விளைவு மூன்றாம் மாதத்தில் தெரிந்தது: நள்ளிரவில் அவருக்குக் காய்ச்சல் ஏறியபோது, முப்பது ஆண்டுகளாக அவர் முகத்தைப் பார்த்திராத அண்ணன் மகனைத்தான் இல்லத்தார் முதலில் அழைத்திருக்கிறார்கள். அவர் எடுக்கவில்லை. எனக்குத் தகவல் வந்தபோது காலை ஏழு மணி.

அடுத்தது அறை. மாவட்ட ஆட்சியர் வழங்கிய திருநங்கைச் சான்றிதழும், அதைக் கொண்டு திருத்திய ஆதார் அட்டையும் அவரிடம் இருந்ததால் பெண்கள் பிரிவில் சேர்க்க நிர்வாகம் மறுக்கவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் இரண்டு குடும்பங்கள் முணுமுணுத்ததும், நான்கு பேர் தங்கும் கூடத்திலிருந்து கோடியில் உள்ள தனி அறைக்கு அவரை மாற்றினார்கள். நாங்கள் கேட்காத அந்த அறைக்குத் தனி அறைக் கட்டணம் என்று மாதம் 6,000 ரூபாயைச் சேர்த்து ரசீது கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தங்குமிடத்திலும் சேவையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு இரண்டு முறை எழுத்து வடிவில் கடிதம் கொடுத்தும் இன்றுவரை பதில் இல்லை.

இவ்வளவும் அலுவலக அறையின் கதை. பராமரிப்பு வேறு கதை. சேர்ந்த முதல் மூன்று நாள் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை, யார் உள்ளே வந்தாலும் முந்தானையால் வாயையும் மோவாயையும் மூடிக்கொண்டார். பல்வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் விடியற்காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து, முள்வாங்கியால் முகத்து ரோமத்தைக் களைந்த பிறகே வாசல் கதவைத் திறப்பவர் அவர். கை நடுங்கத் தொடங்கிய பின் அதை நான் செய்துவந்தேன், ஆனால் படிவத்தில் எழுத அதற்கு இடம் இல்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான்காம் நாள், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பராமரிப்பாளர் அவருடைய பையில் முள்வாங்கியைக் கண்டு, எதுவும் கேட்காமல் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தாடையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறார். அன்று காலைச் சிற்றுண்டிக்கு அம்மா கூடத்துக்கு வந்தார். அதுமுதல் காப்பிக்கு முன் அதுதான் நடைமுறை.

மருத்துவ விஷயத்திலும் எனக்குக் குறை இல்லை. அம்மா 1980களில் மருத்துவமனைக்கு வெளியே, தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையிடம் நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றும் சடங்கு) செய்துகொண்டவர் என்பதை அறிந்ததும், வாரம் ஒருமுறை வரும் மருத்துவர், சிறுநீர்ப் பாதை சுருங்கியிருக்கலாம், செவிலியர் யாரும் வலிந்து குழாய் செருகக் கூடாது என்று நோட்டிலேயே எழுதிவைத்தார். விதைகள் நீங்கிய உடலில் ஹார்மோன் மாத்திரையும் இல்லாமல் ஆண்டுகள் போனால் எலும்பு தேயும் என்பதால் அதற்கான பரிசோதனையும் செய்தார். இத்தகைய அறுவைக்குப் பிறகும் புராஸ்டேட் சுரப்பி உடலில் இருக்கும், பெண்கள் பிரிவில் இருப்பதால் அதை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கே அது உறைத்தது. நீங்கள் எந்த இல்லத்தில் சேர்த்தாலும் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் பணிமுறை மாறும்போது போய்விடும்.

சாப்பாடு சுமார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பதாக அம்மா சொல்வதை, ஆயிரம் பேருக்குச் சமைத்தவரின் கண்டிப்பு என்று சற்றுத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ஆண்கள் பிரிவில், ஓய்வுபெற்ற ஒரு முதியவர் இரவில் மட்டும் தம் மறைந்த மனைவியின் புடவையை உடுத்திக்கொண்டு படுப்பார். அவர் தம்மைத் திருநங்கை என்று சொல்லிக்கொண்டவர் அல்லர், சான்றிதழும் கேட்டவர் அல்லர். இரவுப் பணியாளர் அறைக் கதவைச் சாத்திவைத்து, விடியுமுன் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாராம். அந்த முதியவர் காலமான பிறகே அம்மா இதை எனக்குச் சொன்னார். அந்தப் பணியாளர் காட்டிய பக்குவத்தில் பாதியாவது ரசீது எழுதும் மேசைக்கு இருந்திருக்கலாம்.

இந்த இல்லத்தைப் பரிந்துரைப்பேனா என்றால், கவனிப்புக்காகப் பரிந்துரைப்பேன். ஆனால் யாருக்கு முதலில் தகவல் சொல்வது, அறையை மாற்றினால் கூடுதல் கட்டணம் யாருடையது என்ற இரண்டையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். இன்னொரு குறையும் உண்டு: பழகிய பராமரிப்பாளரின் விடுமுறை நாளில் மாற்றாக வருபவருக்கு எதுவும் சொல்லிவைப்பதில்லை.

சென்ற மாதம், வேறு இல்லம் பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். “வேணாம். அந்தப் பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு, அன்னிக்கு நீ வாடி” என்றார். ஞாயிறுதோறும் ஆறரை மணிக்கு முதல் பேருந்தைப் பிடித்து, அவர் காப்பி குடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.