மும்பையா, சிங்கப்பூரா, லண்டனா: அம்மாவோடு ஒரு பெரிய இசை நாடகம் பார்க்க

அம்மாவுக்கு 72 வயது. மயிலாப்பூர்க்காரர். வாணி மகாலிலும் நாரத கான சபாவிலும் நாடகம் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர், ஆர்.எஸ். மனோகர் மேடையில் காட்டிய தந்திரக் காட்சிகளைப் பற்றி இன்றைக்கும் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பாட்டும் ஆட்டமும் சிரிப்புமாக, பெரிய செட்டோடு, வாத்தியக் குழு நேரில் வாசிக்கிற ஒரு வெளிநாட்டு நாடகத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நடைமுறையில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் நான் போயிருக்கிறேன், அதனால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை வித்தியாசம். மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் நாடகக் குழு சுற்றுப்பயணமாகத்தான் வரும், சில வாரங்கள் ஆடிவிட்டுப் போய்விடும். அங்கே நாடகத் தேதிதான் முதலில், விமானம் பிறகு. லண்டனில் இது தலைகீழ். ‘மம்மா மியா’ என்ற நகைச்சுவை இசை நாடகம் 1999-இல் அங்கே தொடங்கியது, தியேட்டர் மாறி 2012-லிருந்து நோவெல்லோ தியேட்டரில் நடக்கிறது. நீங்கள் எந்த மாதம் போகிறீர்களோ அந்த மாதத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துத் திட்டம் போடுகிற குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

மும்பை என்றால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிற நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையம். 2023 மார்ச் கடைசியில் திறந்தார்கள், பெரிய அரங்கத்தில் 2,000 இருக்கைகள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், விசா வேலை இல்லை. விமான நிலையத்திலிருந்து அந்தப் பகுதிக்கு 2024 அக்டோபரில் மெட்ரோவும் வந்துவிட்டது. புது கட்டடம் என்பதால் லிஃப்ட், அகலமான வழி எல்லாம் உண்டு, முட்டி வலி இருப்பவரைக் கூட்டிப் போக இதைவிட நல்ல அரங்கம் நான் பார்த்ததில்லை. ஆனால் டிக்கெட் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல இருக்கைக்கு நல்ல விலைதான். மழைக்காலத்தில் நாடகம் வந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள், அன்றைக்கே போய் இறங்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

சிங்கப்பூரில் முக்கியமாக இரண்டு இடங்கள்: மரினா பே சாண்ட்ஸ் தியேட்டர், அப்புறம் டூரியன் பழம் மாதிரி கூரை வைத்த எஸ்பிளனேட். விசா வேண்டும், ஆனால் முகவர் மூலம் முடிந்துவிடும். விமானம் நாலு மணி நேரம் சொச்சம். அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்த ஊரில் அந்நியமே தெரியாது, அறிவிப்புப் பலகையில் தமிழ் இருக்கிறது, லிட்டில் இந்தியாவில் இட்லியும் காப்பியும் கிடைத்துவிடும்.

இனி யாரும் அதிகம் சொல்லாத ஒரு விஷயம். நாடகம் ஓடுகிற நேரத்தில் உங்கள் உடம்புக்கு மணி என்ன? சிங்கப்பூரில் இரவு ஏழரைக்குக் காட்சி என்றால் நமக்கு மாலை ஐந்து மணி. இடைவேளையில் ஒரு காப்பி குடித்தால் போதும், கடைசிப் பாட்டு வரைக்கும் தெம்பாக உட்காரலாம். லண்டனில் அதே ஏழரை, கோடையில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு, குளிர்காலத்தில் ஒரு மணி! அப்பாவைக் கூட்டிப் போனபோது இறங்கிய அன்றைக்கே மாலைக் காட்சிக்கு எடுத்துவிட்டேன். இடைவேளைக்கு அப்புறம் அவர் தூங்கிவிட்டார். அத்தனை செலவு செய்து, பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து போய், பாதி நாடகம் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். லண்டனுக்குப் போனால் மூன்றாம் நாளுக்கு அப்புறம் எடுங்கள், அதுவும் மதியக் காட்சி. மதியம் இரண்டரை என்றால் கோடையில் நமக்கு மாலை ஏழு, சபாவில் திரை தூக்குகிற அதே நேரம்.

லண்டனின் இன்னொரு சிக்கல் கட்டடங்கள். நோவெல்லோ 1905-இல் திறந்தது. அந்தக் காலத்துத் தியேட்டர்களில் மேல் மாடிகள் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், கால் நீட்ட இடம் இருக்காது, பெண்கள் கழிப்பறை வரிசை இடைவேளை முடிகிற வரைக்கும் நகராது. பல தியேட்டர்களில் தரைத்தள இருக்கைக்கே தெருவிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும், அதனால் எத்தனை படி என்று கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். முதல் மாடியின் முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள், கூட்டமாக ஆடும்போது ஆட்டத்தின் கோலம் முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். கையில் நேரம் இருக்கிறவர்களுக்கு லெஸ்டர் சதுக்கத்தில் டி.கே.டி.எஸ். என்ற டிக்கெட் சாவடி இருக்கிறது, அன்றைய காட்சிக்குத் தள்ளுபடியில் கிடைக்கும். அம்மாவோடு போகும்போது நான் அதை நம்ப மாட்டேன்.

எந்த ஊரானாலும் சிரிப்பு புரிய வேண்டுமே! சபா நாடகத்தில் வசனத்தில் சிரிப்போம். இங்கே சிரிப்பு பாட்டுக்குள் இருக்கிறது. ‘மம்மா மியா’வில் வருவது அபா என்ற ஸ்வீடன் பாப் இசைக் குழுவின் பழைய பாடல்கள், முதல் வரி வந்ததுமே ‘இந்தப் பாட்டை இந்த இடத்திலா!’ என்று கூட்டம் சிரிக்கும். பாட்டு தெரியாதவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே வீட்டில் பாடல்களைப் போட்டுவிடுங்கள், கதையையும் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பெண் தன் அப்பா யார் என்று தெரியாமல் மூன்று பேருக்குப் பத்திரிகை அனுப்புகிறாள் என்று சொன்னதும் அம்மா முதலில் முகம் சுளித்தார், அடுத்த நிமிடமே “மூணு பேரும் வந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

என் வரிசை இதுதான். மும்பைக்கு நல்ல நகைச்சுவை இசை நாடகம் வருகிறது என்று அறிவிப்பு வந்தால் யோசிக்காமல் மும்பை. வராவிட்டால் சிங்கப்பூர். லண்டன், அங்கே சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறவர்களுக்கு மட்டும். அம்மாவுக்கு மும்பை என்று முடிவு செய்துவிட்டேன், அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம். வீட்டில் அபா பாட்டு தினமும் ஓடுகிறது, இரண்டு பாட்டுக்கு அம்மா தாளம் போடவும் ஆரம்பித்துவிட்டார்.