பாங்காக் வரும் அப்பா அம்மாவைத் ‘தமிழ் கைடு’ டூரில் அனுப்பப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாங்காக்கில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அரண்மனை வாசலில் நின்று “இன்னைக்கு மூடியிருக்கு” என்று சொல்லி, 20 பாட் (தாய்லாந்துப் பணம்) கூலிக்கு டுக்டுக் ஆட்டோவில் ஏற்றி, ரத்தினக் கல் விற்கும் கடையில் கொண்டுபோய் இறக்குகிறவனைப் பற்றி இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அப்பாவிடம் அதைச் சொல்லி வைத்திருந்தேன். அதே மாதிரி ஒருத்தர் வந்தபோது அப்பா “நோ நோ, ஓபன் ஓபன்” என்று விரட்டியும் விட்டார். ஆனால் அதே கல் கடைக்கு, நம்மிடமே முன்பணம் வாங்கிக்கொண்டு, ஏசி வேனில் கூட்டிப்போகிற ஏற்பாடு ஒன்று இப்போது நடக்கிறது. பேச்சு முழுக்கத் தமிழில்.

பெற்றோர் வந்திருக்கும் நாள் முழுக்க நமக்கு லீவு கிடைக்காது. வார நாளில் அவர்களை அடுக்குமாடி வீட்டில் உட்கார வைக்கவும் மனசு வராது. இந்த டூர்க்காரர்கள் குறிவைப்பது சரியாக அந்த நாளைத்தான். எனக்கு வந்த விளம்பரத்தில் தலைக்கு 450 பாட். வீட்டு வாசலில் பிக்கப், டாம்னன் சதுவக் மிதக்கும் சந்தை, மேக்லாங் ரயில் சந்தை, படகுச் சவாரி, சைவச் சாப்பாடு, தமிழ் பேசும் கைடு, எல்லாம் சேர்த்து. போனில் பேசியவர் நல்ல தமிழில், “கவலையே படாதீங்க சிஸ்டர், நம்ம அப்பா அம்மா மாதிரி பாத்துப்போம்” என்றார். பணத்தைப் பிராம்ப்ட்பேயில் (இங்கே போனிலேயே பணம் அனுப்பும் முறை) அனுப்பச் சொன்னார். க்யூஆரை ஸ்கேன் செய்தபோது நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டதற்கு “நம்ம அக்கவுன்டன்ட்” என்று பதில்.

காலையில் வந்த வேனில் தமிழ் கைடு இல்லை. ஒரு தாய்லாந்துப் பெண் இருந்தார். அவருக்கும் இந்த ஏமாற்றுக்கும் பெரிய சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போனில் வருகிற கட்டளைப்படி வண்டியை இடம் இடமாகக் கொண்டுபோக வைக்கிற வேலை அவருக்கு. “தமிழ் கைடு நேரா மார்க்கெட்டுக்கு வந்துடுவார்” என்று வாட்ஸாப்பில் எனக்குச் செய்தி வந்தது. கடைசிவரை யாரும் வரவில்லை.

வரவும் முடியாது. தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது, அவர்களுக்கும் உரிமம் வேண்டும். நம் ஊரிலிருந்து வந்த ஒருவர் தமிழில் பேசிக்கொண்டு குழுவைக் கூட்டிப்போனால் போலீஸ் பிடிக்கலாம். அதனால் ‘தமிழ் கைடு’ என்று விளம்பரம் செய்கிறவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் சட்டத்தை மீறுகிறார். தமிழ் தெரிந்த தாய்லாந்துக் குடிமகன் ஒருவர் எங்காவது இருக்கலாம். 450 பாட் டூருக்கு அவர் வரமாட்டார்.

முதலில் தென்னஞ்சர்க்கரை காய்ச்சும் ஒரு வீடு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, அம்மாவுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அடுத்து சந்தைக்கு வெளியே தள்ளியிருக்கிற ஒரு தனியார் படகுத்துறையில் இறக்கியிருக்கிறார்கள். ‘படகு சேர்ந்தது’ என்றால் சந்தை வரைக்கும் கொண்டுவிடுகிற மோட்டார் படகு மட்டும்தானாம். துடுப்புப் படகில் சந்தைக்குள் போக இரண்டு பேருக்கு 2,000 பாட் தனியாம். வேண்டாமென்றால் கார் நிறுத்துமிடத்தில் காத்திருக்கலாம். வயதானவர்கள் என்ன செய்வார்கள்? அப்பா கொடுத்துவிட்டார். டாம்னன் சதுவக்கில் கால்வாய்க் கரை முழுக்க நடைபாதை இருக்கிறது, படகில் ஏறாமலே சந்தையைச் சுற்றலாம் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சைவச் சாப்பாடு என்று வந்தது கீரையும் சோறும். கீரையில் மீன் சாறு. தாய்லாந்துச் சமையலில் ‘நாம் ப்லா’ என்கிற அந்த மீன் சாறு இல்லாத பொரியல் அபூர்வம். ‘நோ மீட்’ என்று சொன்னால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். சுத்த சைவத்துக்கு இங்கே இருக்கிற சொல்லான ‘ஜே’ என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மீன் சாறும் சிப்பிச் சாறும் இல்லாமல் வரும். அம்மா வாசனையிலேயே கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

மேக்லாங்கில் ரயில் சந்தைக்குள் வரும் நேரங்கள் காலை 8.30, 11.10, பிற்பகல் 2.30, மாலை 5.40. கிளம்பும் நேரங்களும் தெரிந்தவைதான். தண்டவாளத்தின் மேல் விரித்திருக்கிற கூரைத்துணியை வியாபாரிகள் மடக்குவதையும், காய்கறிக் கூடைகளை உரசுகிற மாதிரி ரயில் நுழைவதையும் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, 11.10க்கு வந்த ரயில் 11.30க்குத் திரும்பக் கிளம்பியும் விட்டது. “ட்ரெயின் ஃபினிஷ்” என்றாராம் அந்தப் பெண். 2.30 ரயிலுக்குக் காத்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த இடம்தான் கல் கடை. பெரிய கட்டடம், வாசலில் பேருந்துகள். உள்ளே நுழைந்ததும் இருட்டு அறையில் சுரங்கம் பற்றி ஒரு படம். ஆளுக்கொரு ஆரஞ்சு ஜூஸ். அதன் பிறகு மாடி மாடியாக ஷோரூம். வெளியே போகும் வழி கடைசி மாடியைத் தாண்டித்தான். வேன் டிரைவர் காணோம், கைடும் காணோம்.

அங்கேதான் ஒரு தமிழ்க் குரல். “வணக்கம்மா, நான் மதுரைப் பக்கம்” என்று ஒருவர் வந்திருக்கிறார். காலையிலிருந்து ஒரு வார்த்தை புரியாமல் சுற்றியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் விலை பேசவே இல்லையாம். எடுத்ததும் “ஐயா என்ன ராசி?” என்று கேட்டிருக்கிறார். அப்பா மீனம். ஏழரைச் சனி நடக்கிறது. அப்படியா என்று நீலக்கல் தட்டை எடுத்து வைத்தார். “நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதே” என்று அம்மா தயங்கியதற்கும் பதில் தயாராக இருந்திருக்கிறது: “மூணு நாள் போட்டுப் பாருங்கம்மா, ஒத்துக்கலேன்னா முழுப் பணமும் திருப்பித் தந்துடுவோம்.” அரசாங்க உத்தரவாதம், சென்னையில் விற்றால் இரண்டு மடங்கு என்று மேலும் மேலும். 38,000 பாட்டுக்குத் தங்கத்தில் பதித்த மோதிரம். அட்டையைத் தேய்க்கும்போது பாட் கணக்கிலா ரூபாய்க் கணக்கிலா என்று இயந்திரம் கேட்டிருக்கிறது. அந்த மதுரைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டார். அப்படிச் செய்தால் மாற்று விகிதத்தை நம் வங்கிக்குப் பதிலாகக் கடை பக்கத்து வங்கி தீர்மானிக்கும். அது பெரும்பாலும் நமக்கு நஷ்டமாகவே இருக்கும். வெளிநாட்டில் எங்கே அட்டை தேய்த்தாலும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

சாயங்காலம் அப்பா மோதிரத்தைக் காட்டியதும் எனக்குத் தலை சுற்றியது. பில்லைப் பார்த்தேன். அரசாங்கத்தின் பெயர் எங்கும் இல்லை. தாய் அரசு எந்தக் கல் கடையும் நடத்துவதில்லை, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்ற கல்லின் விலைக்கு உத்தரவாதம் தருவதும் இல்லை. ‘மூன்று நாளில் திருப்பலாம்’ என்பதும் இல்லை. அதற்கு நேர்மாறாக, விற்ற பொருளுக்குப் பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மோதிரத்தைச் சீலோம் சாலையில் இருக்கும் ஜிஐடி ஆய்வகத்தில் கொடுத்தோம், அது தாய்லாந்தின் ரத்தின, நகை ஆய்வு நிறுவனம். கல் போலி இல்லை. இயற்கையான நீலம், வெப்பமூட்டப்பட்டது என்று அறிக்கை வந்தது. சந்தையில் கிடைக்கும் நீலக்கற்களில் பெரும்பாலானவை நிறத்துக்காகச் சூடாக்கப்பட்டவைதான், இங்கே சந்தபுரி என்கிற ஊரில் அது பெரிய தொழில். அறிக்கையில் கல்லின் வகை இருக்கும், அதற்குச் செய்த பக்குவம் இருக்கும், விலை இருக்காது. பக்கத்தில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரிடம் காட்டியபோது, கால்வாசி விலைக்குக்கூடத் தான் வாங்கமாட்டேன் என்றார். கடைக்காரர்களின் சாமர்த்தியம் இங்கேதான். போலிக் கல்லைக் கொடுத்தால் மோசடி வழக்கு. உண்மையான மட்டக் கல்லை நாலு மடங்கு விலைக்குக் கொடுத்தால் ‘நீங்கள் ஒத்துக்கொண்ட விலை’. ஊரில் அப்பாவின் வங்கியும் அதையே சொன்னது: பின் நம்பர் போட்டது நீங்கள்தானே.

1155க்கு அழைத்தேன். சுற்றுலாப் போலீஸின் எண், இரவு பகல் எப்போதும் ஆங்கிலத்தில் பேசலாம். அவர்கள் உண்மையிலேயே உதவினார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பில், அட்டைச் சீட்டு, ஆய்வறிக்கை, வாட்ஸாப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். அவர்கள் கடையோடு பேசி, மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தால் 70 சதவீதம் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 26,600 பாட் கையில் வந்தது. மீதி போனது போனதுதான். பெற்றோர் விமானம் ஏறிய பிறகாக இருந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது. பொருளும் வாங்கியவரும் நேரில் இருக்க வேண்டும். அதனால் உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ‘போகட்டும்’ என்று விடாமல், அவர்கள் இங்கே இருக்கும்போதே கிளம்புங்கள். மோதிரத்தின் சீட்டை, உறையைக் கழற்றி எறிய வேண்டாம்.

டூர்க்காரரிடம் கேட்டேன். “ஷாப்பிங் ஸ்டாப் எல்லா டூர்லயும் இருக்கும் சிஸ்டர், வாங்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?” என்றார். அடுத்த செய்திக்கு என்னை பிளாக் செய்துவிட்டார். விளம்பரத்தில் போட்டிருந்த உரிம எண்ணைச் சுற்றுலாத் துறையின் இணையப் பதிவேட்டில் தேடினால் வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. இங்கே டூர் நடத்த உரிமம் கட்டாயம், அதற்காக அரசிடம் பிணைத்தொகையும் கட்டியிருக்க வேண்டும். உரிமம் உள்ள நிறுவனத்தின் மீது புகார் சொன்னால் அந்தத் தொகையிலிருந்து இழப்பீடு கேட்க வழி உண்டு. இரவல் எண்ணுக்கு எங்கே போய்ப் புகார் சொல்வது?

450 பாட் என்பது எப்படிக் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரைவரோடு வேன் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,500 பாட். கைடுக்கு 1,500 என்று வையுங்கள். சாப்பாடும் படகும் தலைக்கு 250. ஒன்பது பேர் ஏறினால் செலவு 6,250, வசூல் 4,050. மீதியைக் கடைகள்தான் நிரப்புகின்றன, அதாவது நம் அப்பா அம்மாவின் அட்டை. 2016இல் தாய் அரசு சீனச் சுற்றுலாக் குழுக்களை வைத்து நடந்த ‘பூஜ்ய டாலர்’ டூர்கள் மீது கடும் நடவடிக்கை எடுத்தது. டூரை அடிமாட்டு விலைக்கு விற்பது, அப்புறம் கடை கடையாகக் கூட்டிப்போய் அந்தப் பணத்தை எடுப்பது என்பதுதான் அப்போதும் முறை. இப்போது அதையே தமிழில் செய்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தாய்லாந்துக்குள் வர 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். இதே ஆள் ‘விசா ஃபார்ம்’ என்று சொல்லி அதற்கும் தலைக்குப் பணம் கேட்டார், நான் ஏற்கெனவே நிரப்பியிருந்ததால் தப்பித்தேன். குடிவரவுத் துறையின் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கிற தளங்களும் இருக்கின்றன.

அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாள்கள் நன்றாகவே போயின. சபான் தக்சின் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கிற சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகில் ஏறினால் சில பாட் செலவில் ஆற்றுப் பயணமும் ஆயிற்று, அரண்மனைப் பக்கமும் போய்ச் சேரலாம். அங்கே துறையிலும் ‘தனிப் படகு’ என்று அட்டையோடு நிற்பவர்கள் உண்டு, கண்டுகொள்ளாமல் நேராகப் போங்கள். அரண்மனைக்கு வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் ராமாயணத்தை 178 சித்திரங்களாக எழுதியிருக்கிறார்கள். அப்பா அங்கேயே வெகுநேரம் நின்றார். அனுமன் மச்சகன்னியைக் காதலிக்கிற காட்சியைக் காட்டியதும், “இவங்க கதையைத் தப்பா எழுதிட்டாங்க” என்று கோபித்துக்கொண்டார். சீலோமில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய் மக்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்த்து அந்தக் கோபம் போயிற்று.

மிதக்கும் சந்தை பார்த்தே ஆக வேண்டுமென்றால் சனி, ஞாயிறில் நகருக்குள்ளேயே தாலிங் சான் இருக்கிறது, நீங்களே கூட்டிப்போகலாம். வார நாளில் டூரில்தான் அனுப்ப வேண்டுமென்றால், பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: எந்தெந்தக் கடைகளில் நிற்பீர்கள், எந்தப் படகு சேர்ந்தது, கைடின் உரிம எண் என்ன. இதே கேள்விகளை நான் பிறகு உரிமம் உள்ள ஒரு நிறுவனத்திடம் கேட்டேன். கடையே இல்லாத பயணம் தலைக்கு 1,400 பாட், தமிழ் கைடு கிடையாது, சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று உடனே எழுதி அனுப்பினார்கள்.

அந்த 450 பாட் விளம்பரம் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுவனத்தின் பெயரும் போன் எண்ணும் மாறியிருக்கின்றன. படங்கள் அதே படங்கள்தான், ‘நம்ம அப்பா அம்மா மாதிரி பாத்துப்போம்’ என்கிற வரியும் அதேதான்.