நான்கு ஆண்டு ஓடிய ஹப் மோட்டார்: காந்தம் அப்படியே இருக்கிறது

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள மின்சார ஸ்கூட்டரை வாங்கலாமா என்று சித்தப்பா மகன் கேட்டிருக்கிறான். என்னுடையதை நேற்றுதான் பிரித்து மாட்டினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோவையில் 22 ஆண்டுகளாகப் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். ஸ்கூட்டர் 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் மழையில் நனைந்த மறுநாள், ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி நகராமல் நின்ற இடத்திலேயே உதறியது. சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்கவில்லை. மோட்டாரையே மாற்ற வேண்டும், 17,000 ரூபாய் என்றார்கள். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பம்பு மோட்டாரில் சுழலும் பாகமான ரோட்டாரைக் கையாலேயே உருவிவிடலாம். இதில் சக்கரமே ரோட்டார்; கையால் நடக்காது. சக்கரத்தின் உள்விளிம்பு முழுக்கக் காந்தப் பட்டைகள். நடுவில் சுழலாமல் நிற்கும், காயில் சுற்றிய ஸ்டேட்டரை விடவே மாட்டேன் என்கின்றன. திருகி இழுக்கும் கருவியான புல்லரைப் போட்டு, கால் கால் சுற்றாகத் திருகித்தான் பிரித்தேன். பக்கத்தில் கிடந்த ஸ்பேனர் தாவி ஒட்டிக்கொண்டது. பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம்; 1982இல் ஜப்பானின் மசாடோ சகாவா உருவாக்கியது. நான்கு ஆண்டு கழித்தும் இந்தப் பிடி! மருதமலை ஏற்றத்தில் மனைவியோடு போனபோது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் தானாக இழுவையைக் குறைத்தது; அன்று எரிச்சல்பட்டேன். சூடு மிஞ்சினால் காந்தம் வலுவிழக்கும், ஆறினாலும் முழுதாக மீளாது. அதையும் காயிலையும் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. காயிலிலும் கருகல் இல்லை. வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கோளாறு வேறு இடத்தில். ஸ்டேட்டரின் பற்களில் நெல்மணி அளவில், காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்களை ஒட்டியிருப்பார்கள். ரோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்பவை அவைதான். நடுவில் இருந்ததன் கம்பிக்கால் பச்சை பூத்து அறுந்திருந்தது; வண்டி உதறியது அதனால்தான். அச்சின் துளை வழியாகக் கம்பிகள் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பே இல்லை. பெயருக்கு ஒரு பொட்டு சிலிக்கோன் பசை, அதுவும் பிளந்திருந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. ஒரு காந்தத்தின் மூலையில் நிக்கல் பூச்சு உரிந்து துரு ஏறியிருந்தது. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பூச்சு போய்விட்டால் இந்தக் காந்தத்துக்கு ஈரம்தான் எமன்.

சென்சார்கள் மூன்றும் சேர்த்து 120 ரூபாய். மாற்றினேன், ஓடுகிறது.

இழுவை, அமைதி, செலவு எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் தம்பி, நீ வாங்காதே. இவ்வளவு அருமையான காந்தத்தை அடுக்கியவர்களுக்கு ஒரு ரப்பர் வளையம் வைக்க மனம் வரவில்லை. ஒரு சென்சார் போனால் முழு மோட்டாருக்கும் பணம் கேட்கிறார்கள். உன்னிடம் புல்லரும் இல்லை, பட்டறையும் இல்லை.

நான் விற்கப்போவதில்லை. துருவேறிய மூலைக்கு எபாக்சி தடவி, கம்பித் துளையை நானே அடைத்திருக்கிறேன். ஐப்பசி மழை கழிந்ததும் மறுபடி திறந்து பார்ப்பேன்.