ஹா-ஹா பள்ளமா, இரும்பு வேலியா?

மாடு புல்வெளிக்குள் வரக்கூடாது. மாளிகையிலிருந்து பார்த்தால் தடுப்பும் தெரியக்கூடாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து எஸ்டேட்டுகள் இதற்குக் கையாண்ட வழிதான் ஹா-ஹா எனும் சுவர் வைத்த பள்ளம். 1720களில் ஸ்டோவ் தோட்டத்தில் தோட்ட வடிவமைப்பாளர் சார்லஸ் பிரிட்ஜ்மேன் இதை அமைத்தார். வீட்டுப் பக்கம் செங்குத்தான செங்கல் அல்லது கல் சுவர். அதன் தலை புல்வெளி மட்டத்தோடு நிற்கும். மேய்ச்சல் பக்கம் புல் சரிவு. அங்கிருந்து பார்த்தால் சுவர் முழுதாகத் தெரியும். அது மாட்டுக்கான காட்சி, முதலாளிக்கல்ல!

தண்ணீர்தான் இதற்கு எதிரி. சுவருக்குப் பின்னால் ஊறிய மண் சுவரை உப்பவைத்துத் தள்ளும். அடியில் வடிகால் துளை அவசியம். பள்ளம் தூர்ந்தால் மாடு ஏறிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் பரவிய, கிடைக்கம்பிகள் கொண்ட இரும்பு வேலிக்கு மண்வேலை குறைவு, பழுதான கம்பியை மட்டும் மாற்றலாம். மண்ணைத் தொடும் இடத்தில் துருப்பிடிக்கும். தூரத்தில் மெல்லிய கோடுதான், ஆனாலும் கண்ணில் படும். ஆகவே பக்கவாட்டில் வேலி, முகப்புக்கு எதிரே ஹா-ஹா.