மதுரையில் குறட்டைக்கு மருத்துவம் பார்த்தபோது

டொரண்டோவில் குடும்ப மருத்துவர் என்னை உறக்க ஆய்வுக்குப் பரிந்துரைத்திருந்தும், என் முறை வருவதற்குள் மதுரைப் பயணம் வந்துவிட்டது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் என்னோடு படுத்திருந்தவர்கள் குறட்டைக்கு அஞ்சியதைவிட, அது திடீரென நின்று, சில நொடிகள் மூச்சே அடங்கி, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குவதற்குத்தான் அதிகம் அஞ்சினார்கள். அண்ணி வற்புறுத்தி என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர் எடுத்த எடுப்பில் மருந்து எழுதவில்லை. நாடாவால் கழுத்தை அளந்தார். ஆண்களுக்கு அது 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றார். மூக்கின் வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, நடுத்தண்டு வளைந்திருப்பதைத் திரையில் காட்டினார். அடுத்து, பகல் தூக்கத்தை அளக்கும் எப்வர்த் வினாத்தாளை நிரப்பச் சொன்னார்: 8 கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண்கள், 10-ஐத் தாண்டினால் மேற்கொண்டு ஆராய வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருந்தால் கண் அயர்வீர்களா என்பது அவற்றில் ஒன்று. சித்திரை வெயிலில் மதுரைக்காரர் எவர்தான் இல்லை என்பார்?

ஆய்வு ஓர் இரவு மருத்துவமனையிலேயே நடந்தது. தலையிலும் கன்னத்திலும் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளைக் கட்டி, ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிவிட்ட தொழில்நுட்பர், ஒவ்வொன்றும் எதற்கென்று பொறுமையாக விளக்கினார். விடிந்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அவரே துடைத்துவிட்டும், பசை முடியை விட்டுப் போகவில்லை. மூச்சு தடைப்படுவது மணிக்கு 30 முறையை எட்டினாலே கடுமையான நிலை, எனக்கு 34.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கை என் கைக்கு வருமுன்பே, உறங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் கருவியை விற்பவர் வந்து நின்றார். "சார், ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள சிபாப் மெஷின் வாங்கிடுங்க, அங்க ரொம்ப விலை" என்றவர், கனடாவில் பழுது பார்ப்பது யார் என்ற கேள்விக்கு மட்டும் மழுப்பினார். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இக்கருவிக்கு அரசுத் திட்டம் 75 விழுக்காடு தருகிறது. ஆனால் அங்கே பதிவுபெற்ற உறக்க மருத்துவமனையின் மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும். மேலும், முகமூடி பொருந்துகிறதா, காற்றழுத்தம் போதுமா என்று தொடர்ந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டிய கருவியைப் பயணத்தின் கடைசி வாரத்தில் வாங்குவதில் பொருளில்லை என்று மறுத்துவிட்டேன்.

விடுமுறையில் செல்வோர் சுருக்கத்தோடு நிற்காமல், வரைபடங்கள் அடங்கிய முழு அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது; எனக்கு அது வலியுறுத்திக் கேட்ட பிறகே கிடைத்தது. டொரண்டோ திரும்பியதும் அதைப் பார்த்த குடும்ப மருத்துவர், பரிந்துரையை அவசரம் எனக் குறித்து மீண்டும் அனுப்பினார். ஆய்வை இங்கே மறுபடியும் செய்தாக வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கவும், தூக்கம் வந்தால் வண்டி ஓட்டாதிருக்கவும் சொல்லியிருக்கிறார்.