பிஸ் மானிட்டரா, வாயு அலாரமா?

மயக்கத்தில் இருப்பவர் உண்மையிலேயே நினைவிழந்துதான் கிடக்கிறாரா என்று பார்க்க எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு இரண்டு வழிகள் முன்னால் வந்தன. பிஸ் மானிட்டர் நெற்றியில் ஒட்டிய பட்டை வழியாக மூளையின் மின்னலைகளைப் படித்து, 0 முதல் 100க்குள் ஓர் எண்ணைக் காட்டும். 40க்கும் 60க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். மற்றது, வெளிவிடும் மூச்சில் மயக்க வாயுவை அளந்து, 0.7 மேக்குக்குக் (1 மேக் என்றால், வெட்டும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கப் போதுமான வாயு அளவு) கீழே போனால் அலாரம் அடிக்க வைப்பது. நாங்கள் வாயு அலாரத்தின் பக்கம் சாய்ந்தோம்.

பிஸ்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்தது 2004இன் பி-அவேர் ஆய்வு. ஆபத்து அதிகமுள்ள 2,463 பேரில், அறுவையின் நடுவே விழிப்பு வந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 11 பேர், பிஸ் பக்கம் 2 பேர். ஆனால் அங்கே எதிரில் வாயு அலாரம் இல்லை. 2011இல் பேக்-ரீகால் ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் வைத்தபோது பிஸ் பக்கம் 7, வாயு பக்கம் 2. இத்தனை சின்ன எண்களை வைத்து வாயுதான் மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிஸ் மேல் என்றும் சொல்ல முடியாது.

எங்களுக்கு முடிவைத் தீர்த்தது பட்டைதான். வாயு அளவி மயக்க மெஷினிலேயே இருக்கிறது. மாதிரிக் குழாயையும் மூச்சின் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறியையும் மாற்றிக்கொண்டிருந்தால் போதும். பிஸ் பட்டை அப்படியில்லை, ஆளுக்கு ஒன்று, ஒட்டி எடுத்ததும் குப்பை. மெஷின் ஒருநாள் செலவு, பட்டை தினச்செலவு. காப்பீட்டுப் பேக்கேஜில் அதற்கென்று தனிப் பணமும் எங்களுக்கு வருவதில்லை. ஸ்டாக் தீர்ந்த வாரம் மானிட்டருக்கு உறை போட்டு மூலையில் வைக்க வேண்டியதுதான். சிலர் பழைய பட்டையையே துடைத்து ஒட்டுவார்கள். தொடர்பு சரியாக இல்லாமல் வரும் எண்ணை நம்புவதைவிட மானிட்டர் இல்லாமலே இருக்கலாம். கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் எண் ஏறுவதும், மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரி ஓடும்போது குழம்புவதும் தெரிந்த கதை.

சரி, பிஸ்ஸே வேண்டாமா? வாயு இல்லாமல் புரோபோஃபோல் என்ற மயக்க ஊசி மருந்தை மட்டும் பம்ப்பில் ஓட்டி, தசைத்தளர்த்தியும் கொடுத்திருந்தால் வேறு வழியில்லை. ஊசி ரத்தக் குழாயை விட்டு விலகி மருந்து வெளியே போனாலும் மூச்சில் அளக்க ஒன்றும் இருக்காது, நோயாளியால் கையையும் அசைக்க முடியாது. அந்த கேஸ்களுக்காக ஒரு மானிட்டரையும் ஒரு பெட்டி பட்டையையும் வைத்திருக்கிறோம். குழந்தைகளுக்கு பிஸ் வைத்த அனுபவம் எங்களுக்குக் குறைவு. அதைப் பற்றி அவர்களுக்கு அதிகம் மயக்கம் கொடுப்பவர்களிடம் கேளுங்கள்.